ஒரு ஞாயிறும் மூன்று திடல்களும்

தங்கவயலுக்குப் பங்காருப்பேட்டையிலிருந்து ரயில் கிளைப்பாதை செல்கிறது. அப்பாதையில் ஊரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ரயில்வே எழுத்தனாகிய எனக்கு அவை பயணச்சீட்டில் பழகிய பெயர்கள். அவ்வூர்களின் கால்பந்துத் திடல்களை ஒரே நாளில் காணப் புறப்பட்டேன்.

காலையில் ஊரிகத்தில் இறங்கி ஜிம்கானா மைதானத்தை அடைந்தேன். பரந்த வெளி, செம்மண்ணே மிகுதி. சிறுவர் இரு அணியாகப் பிரிந்து வெறுங்காலுடன் ஆடினர்.

நண்பகலில் சாம்பியன். தொழிலாளர் லைன் வீடுகளுக்கு இடையே ஒரு திடல். கல் இரண்டு நட்டால் அதுவே கோல். ஷிப்டு முடித்துப் பந்தாடிய தந்தையரின் பிள்ளைகள் இன்று ஆடுகின்றனர். அணிக்கு எழுவரே இருந்தனர். காரணம் வினவினேன். "மற்றவர்களுக்கு இன்று பெங்களூரில் டியூட்டி, ஐயா" என்றான் ஒருவன்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதுமுதல் பல்லாயிரவர் விடியுமுன் ரயிலேறி இரவில் திரும்புகின்றனர். ஆட்டத்திற்கு எஞ்சியது ஞாயிறு ஒன்றே. அதுவும் சிலருக்கு இல்லை.

மாலையில் மாரிக்குப்பம். சயனைடு மண்மேட்டின் அடியில் ஆட்டம். காற்றடித்தால் வெண்தூசி கண்ணை மறைக்கும், ஆட்டம் நிற்கும், மீண்டும் தொடரும்.

பொன் எடுத்த மண்ணில் பொன் எடுப்பது நின்றுவிட்டது; பந்து உருள்வது நிற்கவில்லை. வெளியூரில் வாழும் தங்கவயல் அன்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லுங்கால் இனிப்புப் பொட்டலத்தோடு ஒரு பந்தும் கொண்டு செல்லுங்கள்.