ஐந்நூற்றைம்பது ரூபாய் மிச்சம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டியில் முப்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறவர் அவர். துவரம் பருப்பில் கிலோவுக்கு ஐம்பது காசு கூடினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. வீட்டிலும் அதே பழக்கம்தான். மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்குவதென்றாலும் மூன்று கடை ஏறி இறங்குவார். "இவர் சேர்த்து வெச்ச காசுலதான் மக படிச்சா, கல்யாணமும் ஆச்சு" என்று மனைவியே பெருமையாகச் சொல்வதுண்டு.

அந்த மகள் இப்போது ஏற்காட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது அவரும் மனைவியும் மலைக்குப் போய் வருவார்கள். வாகனம், செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய மாருதி ஆல்டோ.

கோடை விடுமுறை தொடங்கும் நேரத்தில், பிரேக்கை மிதித்தால் முன் சக்கரத்தில் 'கீச்' என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. இரண்டு வாரம் ரேடியோவைச் சத்தமாக வைத்துச் சமாளித்தார். அப்புறம் மெக்கானிக்கிடம் போனார்.

"பேடு தேய்ஞ்சு போச்சு சார். அதுல ஒரு சின்னத் தகடு இருக்கும். பேடு தேய்ஞ்சதும் அந்தத் தகடு டிஸ்க்ல உரசும். 'என்னை மாத்து'ன்னு அது உங்ககிட்டச் சொல்லுது."

"எவ்வளவு ஆகும் தம்பி?"

"மூணு விதமா கிடைக்குது. ஷோரூம்ல வாங்கினா ஆயிரத்து நானூறு. பிரேக் கம்பெனிக்காரங்களே அவங்க பேர் போட்டு விக்கிற பாக்ஸ் தொள்ளாயிரத்து அம்பது. லோக்கல் ஐட்டம் நானூறு."

"பார்க்கிறதுக்கு என்ன வித்தியாசம்?"

"பார்க்கிறதுக்கு ஒண்ணும் இல்ல சார்."

அந்தப் பதிலில்தான் அவர் விழுந்தார். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பொருளுக்கு ஐந்நூற்றைம்பது ரூபாய் கூடக் கொடுப்பானேன்? ஒரு வாரக் காய்கறிச் செலவாயிற்றே அது! லோக்கல் பேடை அவரே கடையில் வாங்கி வந்து கொடுத்தார். மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டவுனுக்குள்ள ஓட்டறதுன்னா பரவாயில்ல. நீங்க மலைக்குப் போறவரு" என்றார். இவர் சிரித்துக்கொண்டே, "நான் என்ன ரேஸா ஓட்டப் போறேன்?" என்றார். அதற்கு மேல் மெக்கானிக் எதுவும் சொல்லவில்லை. வண்டிக்காரரே பொருளைக் கையில் கொண்டுவந்து நிற்கும்போது எந்த மெக்கானிக்கும் ஓரளவுக்கு மேல் பேச மாட்டார்.

சத்தம் நின்றது. ஐந்து ரோட்டுச் சிக்னலிலும் புதிய பஸ் நிலையத்து நெரிசலிலும் வண்டி சொன்ன இடத்தில் நின்றது. மட்டமான பேடில் இருக்கும் சிக்கலே இதுதான். ஊருக்குள் ஓட்டும்போது அதன் குணம் தெரிவதே இல்லை. நாற்பதில் போகிற வண்டியை நிறுத்த எந்தப் பேடும் போதும். மூன்று வாரத்தில் மனைவியிடம் இரண்டு முறை சொல்லிக் காட்டினார்: "பார்த்தியா, நானூறு ரூபாய்தான்!"

அந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனபோது, லீவுக்குப் பேத்தியைச் சேலத்துக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. குழந்தைக்கு ஐந்து வயது. மாலை நான்கு மணிக்குக் கிளம்பினார்கள். மகள் கையில் ஒரு பை மிளகும் காபித்தூளும் கொடுத்தனுப்பினாள்.

ஏற்காட்டுப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது இவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. வண்டியை நியூட்ரலில் போட்டுவிடுவார். சரிவில் வண்டி தானாக உருளுகிறது, பெட்ரோல் மிச்சம். வேகம் கூடினால் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டால் ஆயிற்று.

பன்னிரண்டாவது வளைவு தாண்டியிருக்கும். "ஏங்க, ஏதோ கருகுற வாசனை வருதே?" என்றார் மனைவி. எதிரே போன லாரியிலிருந்து வருகிறது என்று இவர் சொன்னார். அடுத்த வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தபோது பெடல் கல் மாதிரி இருந்தது. மிதிக்கிறார், வண்டி கேட்கவில்லை. வேகம் லேசாகக் குறைகிறதே தவிர, நிற்கிற மாதிரி தெரியவில்லை. இரண்டு காலையும் வைத்து மிதித்தார். வளைவு நெருங்கிக்கொண்டிருந்தது. எதிரே மேலேறி வரும் பஸ்ஸின் ஹாரன்.

என்ன தோன்றியதோ, கியரை செகண்டில் தள்ளினார். இன்ஜின் அலறியது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். மலை ஓரத்துச் சாக்கடைக்குள் இடது சக்கரம் பாதி இறங்கி, வண்டி நின்றது. பஸ் உரசாமல் கடந்து போனது. மனைவி குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்த கையை வெகு நேரம் எடுக்கவில்லை.

பின்னால் வந்த வேன் டிரைவர் இறங்கி வந்து, முதல் வேலையாகச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். இவர் தண்ணீர் பாட்டிலோடு சக்கரத்தருகே போவதைப் பார்த்து, "ஊத்தாதீங்க சார், டிஸ்க் கோணிக்கும். தானா ஆறட்டும்" என்று தடுத்தார். பிறகு கேட்டார்: "எந்த கியர்ல வந்தீங்க?" இவர் பதில் சொல்லவில்லை. "ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் சார்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தார்கள். பாறைமேல் குரங்குகள் வந்து உட்கார்ந்தன. குழந்தைக்கு ஒரே கொண்டாட்டம். அப்புறம் செகண்ட் கியரிலேயே ஊர்ந்து ஊர்ந்து அடிவாரம் வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பேடை எடுத்து இவர் கையில் கொடுத்தார். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஓரத்தை நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தது.

பேடு என்பது ஒரு கலவை. நார்கள், உலோகத்தூள், கிராஃபைட் எல்லாவற்றையும் பிசின் சேர்த்து அழுத்திச் சுட்டு, இரும்புத் தகட்டில் ஒட்டுகிறார்கள். மலையிலிருந்து இறங்கும் வண்டியின் வேகத்தையெல்லாம் அந்தச் சிறு துண்டு வெப்பமாக மாற்றியாக வேண்டும். அளவு மீறிச் சூடானால் பிசின் கருகி வாயு கிளம்பும். பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் பிடிமானம் போய்விடும். நல்ல பேடுக்கும் இது நடக்கலாம். ஆனால், அது அதிகச் சூடு தாங்கும். மட்டமான பேடில் என்ன கலந்திருக்கிறது என்பது செய்தவருக்கு மட்டுமே தெரியும்.

"அப்போ பேடுதானே தப்பு?" என்று கேட்டார் இவர், கொஞ்சம் நம்பிக்கையோடு.

"பாதி பேடு, பாதி நீங்க சார். நியூட்ரல்ல இறங்கினா எந்தக் கம்பெனி பேடும் பாவம்தான்."

மனைவியும் அப்போது பக்கத்தில்தான் இருந்தார். பெட்ரோல் மிச்சக் கணக்கு அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியவந்தது.

அதற்காக அவர் ஷோரூமுக்கு ஓடவில்லை; ஓட வேண்டிய அவசியமும் இல்லை. கார் கம்பெனிகள் பெரும்பாலும் பேடைத் தாங்களே செய்வதில்லை. பிரேக் செய்கிற நிறுவனங்களிடம் வாங்கித் தங்கள் பெட்டியில் போட்டு விற்கின்றன. அந்த நிறுவனங்களே தங்கள் பெயரில் விற்கும்போது விலை குறைகிறது. பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், ரானே என்று இந்தத் தொழிலில் பெயர் பெற்ற நிறுவனங்கள் சென்னை பாடியிலும் அம்பத்தூரிலும் வளர்ந்தவைதான். நம் ஊர் நடுத்தர வர்க்கத்துக்குத் தோதான இடம் அந்த நடு விலைதான்.

ஆனால், அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. பெயர் பெற்ற பெட்டியிலேயே போலி வரும். போனில் தேடினால் அதே பெட்டி பாதி விலைக்குக் கிடைக்கிறது. நானூறு ரூபாய் லோக்கல் பேடாவது 'நான் லோக்கல்' என்று ஒப்புக்கொள்கிறது. இது பொய் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது. மெக்கானிக் சொன்னபடி, பழக்கமான கடையில் ஜி.எஸ்.டி. பில் போட்டு வாங்கினார் இவர். பெட்டியில் இருக்கும் பார்ட் நம்பர் தகட்டிலும் இருக்கிறதா என்று பார்த்தார். பேடின் ஓரத்தில் 'எஃப் எஃப்' மாதிரி இரண்டு எழுத்து பொறித்திருப்பார்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் அதன் பிடிமானம் எவ்வளவு என்பதைக் குறிக்கும், இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு எவ்வளவு என்பதை. கழற்றிய பேடில் எந்த எழுத்தும் இல்லை.

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவர் அந்த எழுத்தைத் தேடியதை, ஜவுளிக் கடையில் சரிகையை உரசிப் பார்ப்பதுபோல் இருந்தது என்று மனைவி பிறகு கேலி செய்தார். பிரேக் ஆயிலையும் மாற்றச் சொன்னது மனைவிதான். அது ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லி முடிப்பதற்குள், "மாத்திடுங்க தம்பி" என்றுவிட்டார். டிஸ்க்கும் புதிது. எல்லாம் சேர்ந்து பில் நாலாயிரத்தைத் தாண்டியது. முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டருக்கு அழுத்தி மிதிக்காமல் ஓட்டச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார் மெக்கானிக்.

வைப்பருக்கும் மிதியடிக்கும் இன்னமும் அவர் மூன்று கடை ஏறி இறங்குகிறார். அந்த விஷயத்தில் அவரைத் திருத்த முடியாது, திருத்த வேண்டியதும் இல்லை.

அன்று இரவு மகள் போன் செய்தாள். அதற்குள் பேத்தி முந்திக்கொண்டு எல்லாம் சொல்லியாகிவிட்டது.

"என்னப்பா, குரங்கு காட்டறதுக்காக நடு மலையில வண்டியை நிறுத்தினீங்களாமே? ஒரு மணி நேரமா?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே தலையை ஆட்டினார்.

"ஆமாம்மா" என்றார்.