சிரிப்பு அடங்கிய வேளை

1983இல் குந்தன் ஷா இயக்கிய 'ஜானே பீ தோ யாரோ' என்னும் ஹிந்தித் திரைப்படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். அந்நாளைய பம்பாயில், வறிய புகைப்படக்காரர் இருவர் பூங்காவொன்றில் எடுத்த படத்தைப் பெருப்பிக்கையில் கொலையொன்று புலப்படுகின்றது. கொலையுண்ட மாநகர ஆணையாளரின் சடலம் மகாபாரத நாடக மேடையிலே திரௌபதியாகத் தோன்றும்போது வாய்விட்டுச் சிரித்தேன். இறுதியிலோ, குற்றவாளிகள் தம்முட் சமரசங் கொள்ள, இடிந்த பாலத்தின் பழி அவ்வப்பாவிகள்மீதே சுமத்தப்படுகின்றது. சிறையுடையுடன் அவர்கள் நம்மை நோக்கியபோது என் சிரிப்பு அடங்கிற்று.

முன்பொருகால், பிறர் தவறுக்காகச் சிற்றூழியர் ஒருவர் வேலையிழந்தார். உண்மையறிந்தும் நான் வாளாவிருந்தேன். 'போகட்டும் விடுங்கள், நண்பர்களே' என்பதே இப்படத் தலைப்பின் பொருள். அன்று என் நெஞ்சு எனக்குரைத்ததும் அதுவேயன்றோ!