இந்த ஜி.ஹெச். வேற மச்சான்!

ஜி.ஹெச். என்றால் நம்ம ஊரில் கவர்மென்ட் ஆஸ்பத்திரி. ஜிம் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்க... அங்கே அது குரோத் ஹார்மோன்! 'பாடி மட்டுமில்ல தம்பி, இம்யூனிட்டியும் எகிறும். கொரோனாவே வந்தாலும் கிட்ட அண்டாது' என்று என் ரூம்மேட்டிடம் ஒரு மாஸ்டர் செம பில்டப் கொடுத்திருக்கிறார். நம்மாளு நோஞ்சான். ஒரே செமஸ்டரில் மூணு தடவை காய்ச்சல். ஃபீஸ் கட்ட வீட்டிலிருந்து அனுப்பிய பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'ஊசி போட்டுக்கலாமாடா?' என்று கேட்டான்.

நான் படிப்பதோ எலெக்ட்ரிக்கல். ஆனாலும், ஃபிரெண்டு உடம்பாச்சே! தேடித் தேடிப் படித்தேன். ஆச்சரியம் என்னன்னா, மாஸ்டர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருக்கு.

மூளைக்கு அடியில் பட்டாணி சைஸில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் இந்த ஹார்மோனின் தலைமைச் செயலகம். நம்மை உயரமாக்குவதோடு அதன் வேலை முடியவில்லை. நோயோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களும் இதன் சிக்னலைப் பிடிக்கின்றன. மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. 'டி' செல்கள் என்ற சிப்பாய்களுக்கு டிரெயினிங் நடப்பது அங்கேதான். வயசு ஏற ஏற அது சுருங்கி, கொழுப்பு சேர்ந்துவிடும். 1986-ல் கெய்த் கெல்லி என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு, இந்த ஹார்மோனைச் சுரக்கும் செல்களைக் கிழட்டு எலிகளின் உடம்பில் வைத்தது. சுருங்கிய தைமஸ் திரும்ப வளர்ந்தது!

மனிதர்களுக்கு? 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், 51 முதல் 65 வயது வரையிலான ஒன்பது ஆண்களுக்கு ஒரு வருஷம் இதைக் கொடுத்தார்கள். ஸ்கேனில் தைமஸின் கொழுப்பு குறைந்திருந்தது. ஆனால், மொத்தமே ஒன்பது பேர். ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத குழுவும் கிடையாது. ஹார்மோனால் சர்க்கரை நோய் வந்துவிடக் கூடாதே என்று வேறு இரண்டு மருந்துகளையும் சேர்த்தே கொடுத்தார்கள். இதை எந்த மாஸ்டரும் சொல்ல மாட்டார்.

அடுத்து படித்ததுதான் தூக்கிவாரிப் போட்டது. ஐ.சி.யு.வில் இருப்பவர்கள் சீக்கிரம் தேறட்டும் என்று ஃபின்லாந்திலும் மற்ற ஐரோப்பிய நாடுகளிலும் 532 பேரை வைத்து இரண்டு ஆய்வுகள் நடந்தன. பாதிப் பேருக்கு அதிக டோஸில் இந்த ஹார்மோன், மீதிப் பேருக்கு வெறும் டம்மி ஊசி. 1999-ல் ரிசல்ட் வந்தது. ஃபின்லாந்தில் டம்மி ஊசி போட்டவர்களில் 20 சதவிகிதம் பேர் இறந்தார்கள். ஹார்மோன் போட்டவர்களில் 39 சதவிகிதம்! மற்ற நாடுகளில் 18-க்கு 44. நல்லது செய்யும் என்று நம்பிக் கொடுத்த அதே மருந்து!

நம்ம பாஷையில் இது ஃபீட்பேக் மேட்டர். அயர்ன் பாக்ஸில் சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் கரன்ட்டை நிறுத்துகிறதல்லவா? அதே மாதிரி ஹார்மோனின் அளவு கூடினால், 'போதும், நிறுத்து' என்று உடம்பே பிரேக் போடும். ஊசி வழியாக வருகிற ஹார்மோனுக்கு அந்த பிரேக் கிடையாது. கணக்கில்லாமல் ஏற்றினால் ரத்தத்தில் சர்க்கரை கூடும், மூட்டு வலிக்கும், கை, கால், தாடை எலும்புகூடத் தடிக்கும். அதனால்தான் நிஜமாகவே ஹார்மோன் குறைவாக உள்ளவர்களுக்கு டாக்டர்கள் டெஸ்ட் எடுத்து, அளந்து கொடுக்கிறார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுநாள் ஒரிஜினல் ஜி.ஹெச்.சுக்கே போனான். ரத்தசோகையாம். ராத்திரி ரெண்டு மணி வரை முழித்திருப்பதற்கும் டாக்டரம்மாவிடம் நல்ல டோஸ். ஃபீஸும் கட்டியாச்சு.

மக்களே, இன்னொரு விஷயம். இந்த ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதே நாம் தூங்க ஆரம்பித்ததும் வரும் ஆழ்ந்த உறக்கத்தில்தான். தூக்கம் கெட்டால் நோய் எதிர்ப்பும் சேர்ந்தே அடிவாங்கும். இன்னிக்காவது செல்லை ஓரமா வெச்சிட்டு, பத்தரைக்கே லைட்டை அணைங்க. ஊசி, காசு எதுவும் வேண்டாம்... பிட்யூட்டரி தன் டியூட்டியைப் பார்த்துக்கும்!