ஆடும் குமிழ்

1947-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி தேசத்துக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. படித்தவர்களின் வீடுகளுக்குள் அது எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது என்று அறிய விரும்புவோர், கதவுக் குமிழ் ஒன்று ஆடத் தொடங்கும் சமயத்தில் அங்கே போய்ப் பார்க்கலாம். பட்டம் பெற்ற குடும்பத் தலைவர் குமிழை ஒரு முறை அசைத்துப் பார்ப்பார். "தச்சருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்" என்பார். பிறகு சாய்வு நாற்காலிக்குப் போய்விடுவார்.

நம் தாயாரின் அறைக் கதவிலும் பித்தளைக் குமிழ் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. தச்சர் "நாளைக்கு" என்று சொல்லியிருந்தார். அந்த நாளை வருவதற்குள், ஒரு பிற்பகலில், உட்புறக் குமிழ் தாயாரின் கையோடு வந்துவிட்டது. கதவோ சாத்தியிருந்தது. தாயாருக்கு வயது 78. "யாரடா அங்கே? கதவு திறக்கவில்லையே!" என்ற குரல் கேட்டு நமக்கு வியர்த்துவிட்டது. நல்ல வேளையாக, வெளிப்புறக் குமிழ் கம்பியை விடாமல் பற்றிக்கொண்டிருந்தது. அதைத் திருகிக் கதவைத் திறந்தோம். வீட்டில் ஒருவரும் இல்லாத வேளையாக இருந்திருந்தால்?

உடனே திருப்புளியை எடுத்தோம். எட்டாம் வகுப்பில் படிக்கும் நம் பெண் விளக்குப் பிடித்தாள்.

இரு குமிழ்களையும் இணைப்பது ஒரு சதுரக் கம்பி. அது பூட்டின் வயிற்றை ஊடுருவிச் செல்கிறது. குமிழைத் திருகினால் கம்பி சுழன்று பூட்டின் நாக்கை உள்ளே இழுக்கிறது. கையை எடுத்ததும் வில்சுருள் அதை வெளியே தள்ளுகிறது. குமிழின் கழுத்திலுள்ள சிறு திருகாணிதான் அதைக் கம்பியோடு நிறுத்துகிறது. அன்றாட அதிர்ச்சியில் அது தளர்ந்துபோகும்.

"அப்பா, இதுதானே சக்கரமும் அச்சும்?" என்றாள் பெண்.

"அதுவேதான், அம்மா!"

திருகாணியின் முனை கம்பியின் தட்டையான பக்கத்தில் அமரும்படி வைத்து வலப்புறமாக முடுக்கினோம். குமிழைச் சுற்றியிருந்த தகட்டின் திருகாணிகளும் ஆடின. மழைக்காலத்தில் உப்பிக் கோடையில் சுருங்கும் மரத்தில் துளைகள் அகன்றுபோவது இயல்பு. மூங்கில் சிம்புகளில் பசை தடவித் துளைகளில் அடைத்து, காய்ந்த பிறகு திருகாணிகளை ஏற்றினோம். நாக்குக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விட்டோம். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுக்கேறிவிடும். கடைசியாக, கதவைத் திறந்து வைத்தபடியே குமிழைப் பத்து முறை திருகிப் பார்த்தோம். சாத்திவிட்டுச் சோதிப்பது விபரீதம்!

காந்தியடிகள் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். தென்னாப்பிரிக்காவில் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு, தம்மைச் சிறையிலிட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்கே 1914-ல் ஒரு ஜோடி பரிசளித்தார். கைத்தொழில் வழியாகவே பிள்ளைகளுக்குக் கல்வி புகட்ட வேண்டும் என்று 1937-ல் வார்தாவில் கூடிய மகாநாட்டில் வற்புறுத்தினார். அதைப் பற்றிச் சொற்பொழிவு செய்யும் ஆசிரியர்கள் அநேகர்; திருப்புளி பிடிப்பவர்கள் சிலர்.

தச்சர் பிழைப்பில் நாம் மண்ணைப் போட வேண்டும் என்பதல்ல. ஒரு மாலைப்பொழுது முடுக்கியதிலேயே நமது உள்ளங்கை சிவந்துவிட்டது. கதவையே இழைத்துச் செய்கிறவருடைய கை எத்தகையதாயிருக்கும்!

மூன்றாம் நாள் தச்சர் வந்தார். குமிழைத் திருகிப் பார்த்துவிட்டு, "யார் செய்தது, ஐயா? கெட்டியாய்த்தான் இருக்கிறது" என்றார். அந்த நற்சாட்சிப் பத்திரம் நமது பட்டத்துக்குக் குறைந்ததல்ல. காலொடிந்த பெஞ்சியை அவரிடம் ஒப்புவித்தோம். அவர் கேட்ட கூலியை, வழக்கமான பேரம் ஏதுமின்றி, கொடுத்தனுப்பினோம்.