இன்ச் டேப்போடு மதுரைக்கு

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். வயதான அப்பா அம்மாவை வெளியூருக்கு அழைத்துப்போக நினைத்து, "எந்த ஹோட்டல் நல்லா இருக்கும் டீச்சர்?" என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இது.

அப்பாவுக்கு 88. அம்மாவுக்கு 82. திருச்சியில் என்னோடு இருக்கிறார்கள். அப்பா கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் மதுரை சிம்மக்கல் பக்கம் அறை எடுத்துத் தங்கி, ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். மதுரை என்றால் போதும், எந்தச் சந்தில் எந்தக் கடை இருந்தது என்று ஆரம்பித்துவிடுவார். அப்படிப்பட்டவர், "வாங்கப்பா, மீனாட்சியைப் பார்த்துட்டு வரலாம்" என்று எத்தனை தடவை கூப்பிட்டும் இரண்டு வருஷமாக ஒரே பதில்: "நீங்க போயிட்டு வாங்க. எனக்கு இஷ்டமில்லை." வயசாகிவிட்டது, ஆசை விட்டுப்போயிற்று என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

போன தை மாதம், அம்மா தூங்கின பிறகு மெதுவாகக் கேட்டார். "அந்த ரூம்ல எல்லாம் கக்கூஸ் எப்படிம்மா இருக்கும்?"

அப்புறம்தான் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போய் லாட்ஜில் தங்கினோம். நாங்கள் எல்லோரும் மண்டபத்தில். அப்பா மட்டும் அறையில். தரையோடு இருக்கும் பழைய கக்கூஸ். உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. குழாயைப் பிடித்து எழப் பார்த்தால், குழாய் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. கதவில் உள்தாழ்ப்பாள். அரை மணி நேரம் அப்படியே. கடைசியில் சத்தம் கேட்டு ரூம் பையன் வந்து தாழ்ப்பாளை நெம்பித் திறந்து தூக்கிவிட்டிருக்கிறான். யாரிடமும் சொல்லாதே என்று அவனுக்குக் காசு கொடுத்தாராம்.

எனக்குத் தெரிந்தது, உடைந்த தாழ்ப்பாளுக்கு 300 ரூபாய் கட்டியது மட்டும்தான். துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு எங்களிடம் காசு வாங்குகிறீர்களா என்று அந்த மேனேஜரிடம் சண்டை வேறு போட்டேன். அப்பா பக்கத்தில் பேசாமல் நின்றிருந்தார்.

சரி, இனி ஹோட்டல் பார்க்கிற வேலை என்னுடையது என்று முடிவு செய்தேன். பெங்களூரில் இருக்கும் தம்பி, "அக்கா, நான் ஆன்லைன்ல போட்டுடறேன், நாலு நட்சத்திரம், நீச்சல் குளம் இருக்கு" என்றான். குளத்தில் யாரடா நீந்தப் போகிறார்கள் என்று கேட்டேன். போனில் விசாரித்துப் பார்த்தேன். "லிஃப்ட் இருக்கா?" "இருக்கு மேடம்." "வெஸ்டர்ன் டாய்லெட்டா?" "ஆமா மேடம்." எல்லாவற்றுக்கும் ஆமா. வகுப்பில் பாடம் புரிந்ததா என்று கேட்டால் வருமே, அதே ஆமா. ஒரு சனிக்கிழமை காலை பஸ் ஏறி நானே மதுரை போய்விட்டேன். பையில் ஒரு இன்ச் டேப். அதற்கு முந்தின நாளே அப்பாவின் வாக்கரை அளந்து வைத்திருந்தேன்: 2 அடி 1 அங்குலம்.

முதலில் பார்த்தது கோயிலுக்குப் பக்கத்து வீதியில். லிஃப்ட் நிஜமாகவே இருந்தது. ஆனால் தெருவிலிருந்து ஏழு படி ஏறினால்தான் லிஃப்ட்! "சாய்தளம் போட்டுத் தர்றோம் மேடம்" என்று ஒரு பலகையைக் காட்டினார்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்க வேண்டும். ஏழு படி என்றால் குறைந்தது மூன்றரை அடி உயரம், 42 அடிக்குப் பலகை வேண்டும். அது தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குள் போய்விடும். கணக்குப் போட்டுச் சொன்னேன். சிரித்தார்கள்.

இரண்டாவது இடத்தில் படி இல்லை, அறையும் சுத்தம். பாத்ரூம் கதவை அளந்தால் சரியாக 2 அடி. ஓர் அங்குலத்தில் போயிற்று. வாக்கரை வெளியே விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துப் போகலாமே என்றார் அங்கிருந்த பெண். விழுகிறவர்கள் விழுவதே அந்த நாலு அடியில்தான் அம்மா என்றேன்.

மூன்றாவது, தம்பி சொன்ன இடம். பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்புதான் எனக்குப் பயம். ஈரக்காலோடு நானே வழுக்கிவிடுவேன். குளிப்பதற்குத் தொட்டி, அதற்குள் காலைத் தூக்கி வைத்து இறங்கினால்தான் ஷவர். மெத்தை அவ்வளவு உயரம். அம்மா குள்ளம், உட்கார்ந்தால் கால் தரையில் படாது. நான் பாத்ரூமுக்குள் அளந்துகொண்டிருக்கும்போது, காட்ட வந்த பையன் கதவருகே செருகியிருந்த கார்டை உருவிக்கொண்டு வெளியே போனான். அத்தனை விளக்கும் அணைந்து கும்மிருட்டு. அம்மாவை அறையில் விட்டுவிட்டு நான் அந்தக் கார்டோடு காபி வாங்கப் போயிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு கார்டு கேட்டால் தருவார்கள்தான். கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

நாலாவது, ரயில் நிலையத்துப் பக்கம். புதுக்கட்டடம் இல்லை, சுவரில் இரண்டு இடத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. ஆனால் கார் வாசல்வரை வரும். தரைத்தளத்திலேயே மூன்று கட்டில் போட்ட அறை. பாத்ரூம் கதவு 2 அடி 6 அங்குலம். சொரசொரப்பான டைல்ஸ். டாய்லெட் மேல் நானே உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். கட்டிலிலிருந்து கதவுக்கு ஆறு எட்டு. "நீங்க இன்ஸ்பெக்‌ஷனா மேடம்?" என்று கேட்டார் மேனேஜர். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். கைப்பிடிக் கம்பி இல்லை, அதுதான் குறை. பிளாஸ்டிக் ஸ்டூலும் ரப்பர் மிதியடியும் கொடுத்தார். வெந்நீர் காலை எட்டு மணிவரைதான். அதற்குப் பிறகு வாளியில் கொண்டுவந்து கொடுக்கச் சொல்கிறேன் என்றார். டிபன் எட்டு மணிக்கு. அப்பா மாத்திரை போட்டுவிட்டு அவ்வளவு நேரம் தாங்கமாட்டார், ஏழு மணிக்கு நாலு இட்லி மட்டும் வேண்டும் என்றேன். அதற்கும் சரி.

தாழ்ப்பாள் ஒன்றுதான் பாக்கி. போடாதீர்கள் என்றால் அப்பாவுக்குக் கோபம். "தாழ்ப்பாள் இல்லாம எப்படிம்மா?" நியாயம்தானே. கடைசியில் அவரே வழி சொன்னார். உள்ளே போகும்போது தன் துண்டை வெளிக்கைப்பிடியில் போட்டுவிட்டுப் போவார். துண்டு இருந்தால் யாரும் கதவைத் தொடக் கூடாது.

மாசியில் போனோம். மடக்குச் சக்கர நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். கோயிலைச் சுற்றி நான்கு சித்திரை வீதிகளிலும் வண்டி போகாது, அது இல்லாமல் முடியாது. செல்போனும் உள்ளே கொண்டுபோக முடியாது. ஆளுக்கொரு பக்கம் பிரிந்தால் தேட வழியில்லை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம். மதியம் நடை சாத்தும் நேரத்தில் அறைக்குத் திரும்பி இருவரும் படுத்துத் தூங்கினார்கள். தரிசனத்தைவிட அந்தத் தூக்கம்தான் அவர்களைச் சாயங்காலத்துக்குத் தேற்றியது என்பேன்.

முதல் ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. இரண்டு மணி இருக்கும். அப்பா எழுந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எழுந்து பிடித்திருந்தால் மறுநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். வாக்கர் சத்தத்தை எண்ணினேன். ஆறு. துண்டு கைப்பிடியில் விழுந்தது. பிறகு தண்ணீர் சத்தம். திரும்ப ஆறு. கட்டில் முனகியது.

காலையில் காபி குடித்துக்கொண்டே, "சாயங்காலம் சிம்மக்கல் போலாமா?" என்றார். போனோம். அவர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அதைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்படவில்லை. தெருவில் பருத்திப்பால் வாங்கிக் குடித்தார், சர்க்கரையை நினைத்து நானும் தடுக்கவில்லை.

இதை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "எழுது. அந்த முன்னூறு ரூபாயையும் எழுது" என்றார். பிறகு அம்மாவிடமும் அவரே விஷயத்தைச் சொன்னார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "எனக்கு அன்னிக்கே தெரியும். வேட்டியெல்லாம் நனைஞ்சு கிடந்துச்சே" என்றார்.

அடுத்து ராமேஸ்வரம் போக வேண்டுமாம். அங்கே நல்ல தங்குமிடம் தெரிந்தவர்கள் கமென்டில் சொல்லுங்கள். தெருவிலிருந்து எத்தனை படி, பாத்ரூம் கதவு எத்தனை அகலம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.