இறக்கை இலாகாவை மூடிய பறவை

காலை ஆறரை மணி. கப்பல் தளத்தில் என் ஷூவைக் கழற்றச் சொன்னார் வழிகாட்டி. கோயிலுக்கா போகிறோம் என்று நினைத்தேன். மனுஷர் ஷூவைத் திருப்பி, அடிப்பாகத்தை பிரஷ்ஷால் நோண்டினார். கடுகளவு விதை ஒன்று விழுந்தது. முந்தின நாள் வேறொரு தீவில் நடந்தபோது ஒட்டிக்கொண்டதாம்.

"இது அங்கே விழுந்தா என்ன ஸார் ஆகும்?"

"முளைக்கும்" என்றார். சிரிக்கவில்லை.

எதிரே ஃபெர்னாண்டினா. ஈக்வடாரிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக்கில் கிடக்கும் காலபகோஸ் தீவுக் கூட்டத்தில் இதுதான் கடைக்குட்டி. குணமும் அப்படியே. இங்குள்ள லா கும்ப்ரே எரிமலை 2024 மார்ச்சில்கூடப் பொங்கியிருக்கிறது.

ரப்பர் படகில் போய் இறங்கினோம். தரையெல்லாம் இறுகிப்போன எரிமலைக் குழம்பு. தார் ரோடு போட வந்த காண்டிராக்டர் பாதியில் ஓடிப்போன மாதிரி ஒரே கறுப்பு! அந்தக் கறுப்பில் ஒரு மேடு திடீரென்று தும்மியது. உற்றுப் பார்த்தால்... அம்மாடி! நூற்றுக்கணக்கில் கடல் இகுவானாக்கள், பீக் அவர் பஸ் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று. ஓணான் ஜாதிதான். ஆனால் கடலில் இறங்கிப் பாசி மேய்கிற ஒரே பல்லியினம். உடம்பில் சேரும் உப்பைத் தும்மியே வெளியேற்றிவிடும்.

மிருகங்களிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்கவேண்டும் என்பது சட்டம். நமக்குத்தான். இகுவானாக்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஒன்று என் ஷூவை உரசிக்கொண்டு போயிற்று. பயம் என்றால் என்னவென்றே தெரியாத ஊர்!

கரையோரம் ஒரு நீர்க்காகம், பெண்டாட்டிக்குக் கடல்பாசி கொண்டுவந்து கொடுத்தது. பிறகு இறக்கையை விரித்துக் காயவைத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிழிந்த குடை மாதிரி இத்தனூண்டு இறக்கை! தரையில் துரத்த எதிரி இல்லை. சாப்பாடு கடலிலேயே கிடைக்கிறது. அப்புறம் பறப்பானேன்? நஷ்டத்தில் ஓடும் இலாகாவை மூடுவதுபோல இயற்கை இறக்கையை மூடிவிட்டது. நான் படித்த பி.காம். கணக்குப்படி சரியான முடிவுதான்.

மத்தியானம் பக்கத்து இசபெலா தீவோரம் கடலில் குதித்தோம். பூமத்திய ரேகைக்கு அருகில் பல் கிடுகிடுக்கும் குளிர்! ஆழத்திலிருந்து மேலே வரும் குளிர் நீரோட்டத்தின் வேலை. ஆமைகள் பென்ஷன்தாரர்களைப்போல நிதானமாகப் போக, என் மூக்கை ஒட்டி ஒரு பென்குவின் சீறிப் பாய்ந்தது. பூமத்திய ரேகையில் பென்குவின்!

ராத்திரி வழிகாட்டி ஒரு கதை சொன்னார். பின்சோன் என்ற தீவில், கப்பலேறி வந்த எலிகள் நூறு வருஷத்துக்கு மேலாக ஆமைக் குஞ்சுகளைத் தின்று தீர்த்தனவாம். 2012-ல் எலிகளை ஒழித்த பிறகுதான் குஞ்சுகள் பிழைக்க ஆரம்பித்தன. ஃபெர்னாண்டினாவில் அப்படிக் கப்பலேறி வந்த எலி இன்னும் இல்லை.

எனக்கு அந்த நீர்க்காகம் ஞாபகம் வந்தது. எலி வந்தால் அதன் முட்டை என்ன ஆகும்? மூடிய இலாகாவை அவசரத்துக்குத் திறக்க முடியுமா?

மறுநாள் வழிகாட்டி கூப்பிடுவதற்கு முன்பே, தளத்தில் பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.