ஆறு நாளும் ஓர் ஆறும்

ஒரு குடும்பத்தின் இயல்பை அறிய விரும்புவோர் அதன் வரவு செலவுக் கணக்கைப் பார்ப்பதினும், அது ஒரு பயணத்துக்குத் திட்டமிடும் முறையைப் பார்த்தல் நன்று. எவருடைய விருப்பம் முதலில் எழுதப்படுகின்றது, எவருடைய களைப்புக் கணக்கில் எடுக்கப்படுகின்றது, எவர் பேசாதிருக்கின்றார் என்பனவெல்லாம் அங்கே தெளிவாகின்றன. பிரான்சின் மாகாணங்களை முதன்முறையாகக் காணப் புறப்படும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தந்தை, தாய், பாடசாலை செல்லும் பிள்ளைகள் இருவர், முழங்கால் நோவுடைய பாட்டி. கையிலிருப்பவை ஆறு நாட்கள்.

தேசப்படம் விரிந்ததும் ஆசையும் விரிகின்றது. வடமேற்கே கடல் சூழ்ந்த பாறைமீது நிற்கும் மோன் சன் மிஷேல் மடாலயம், கிழக்கே ஸ்திராஸ்பூர்க் பேராலயம், தெற்கே கார்காசோன் கோட்டை, தென்கிழக்கே நீஸ் கடற்கரை என நான்கு திக்குகளும் தந்தையின் பட்டியலில் ஏறிவிடுகின்றன. ஆனால் 1842ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பிரான்சின் பிரதான புகையிரதப் பாதைகள் பாரிஸ் நகரை நடுவாகக் கொண்டு விண்மீனின் கதிர்கள் போல வகுக்கப்பட்டன. 1981இல் பாரிசுக்கும் லியோனுக்குமிடையே தொடங்கிய அதிவேகப் புகையிரதமும் அக்கதிர்களுள் ஒன்றன் வழியே ஓடியது. ஆதலின் ஒரு கதிரின் நுனியிலிருந்து இன்னொன்றின் நுனிக்குச் செல்வோர் பலவேளைகளில் பாரிசுக்கே திரும்பி, பொதிகளைச் சுமந்துகொண்டு வேறொரு நிலையத்துக்கு மாற வேண்டியவராகின்றனர். நான்கு திக்குகளையும் ஆறு நாட்களில் அடக்க முயலும் குடும்பம் காணப்போவது பெரும்பாலும் நிலையங்களையே.

எனவே குறுகிய பயணத்தில் தெரிதலினும் விலக்குதலே முதன்மையானது. மூன்று திக்குகளைக் கைவிட மனம் ஒப்பினால் நான்காவது தானே துலங்கும். இக்குடும்பத்துக்குப் பொருந்துவது லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கு எனலாம். பிரான்சின் மிக நீண்ட ஆறான லுவார் ஆயிரம் கிலோமீற்றருக்குச் சற்று மேலாக ஓடுகின்றது. அதன் நடுப்பகுதியை 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பாரிசிலிருந்து தூர் நகருக்கு அதிவேகப் புகையிரதத்தில் ஒன்றேகால் மணி நேரமளவில் சென்றுவிடலாம். அங்கே ஒரே இடத்தில் ஐந்து இரவுகள் தங்கி, நாள்தோறும் சிறு புகையிரதங்களில் சென்று மீளலாம். பெட்டிகளைக் கட்டி அவிழ்க்கும் வேலை ஒருமுறையோடு முடிகின்றது. முதியவருக்கு அதுவே பேருதவி.

அடுத்து, இடங்களை ஆட்களோடு பொருத்திப் பார்க்க வேண்டும். 1519இல் கட்டத் தொடங்கிய சம்போர் மாளிகையில் ஒன்றையொன்று பின்னிய இரட்டைச் சுருள் படிக்கட்டு உண்டு. ஒருவர் ஏற மற்றவர் இறங்க, இருவரும் எதிர்ப்படாமலே செல்லலாம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, பாட்டிக்கோ தண்டனை. அங்கே புகையிரத நிலையமும் இல்லை. புளுவா நகரிலிருந்து பருவகாலப் பேருந்தையோ வாடகை வண்டியையோ நாட வேண்டும். ஷேர் ஆற்றின் குறுக்கே பாலம்போல் நிற்கும் செனோன்சோ மாளிகைக்கு அருகிலேயே தரிப்பிடம் உண்டு. ஆயின் அங்கு நிற்கும் வண்டிகள் சில மட்டுமே. 1940 முதல் 1942 வரை ஷேர் ஆறு ஜெர்மானியர் கைப்பற்றிய பகுதிக்கும் ஏனைய பகுதிக்கும் எல்லையாயிருந்தது. அம்மாளிகையின் நீண்ட மண்டபத்தின் வழியே அடுத்த கரைக்குத் தப்பியோரும் உளர். இதனைக் கேட்டறிந்த பிள்ளைக்கு அது வெறும் அழகிய கட்டடமாக இராது. அம்புவாஸ் நகரிலோ லியனார்டோ டா வின்சி வாழ்ந்து 1519இல் மறைந்த இல்லமும், அவருடைய வரைபடங்களின்படி அமைந்த பொறிகள் நிற்கும் தோட்டமும் உள்ளன. மூன்று தலைமுறைகளும் ஒருங்கே அமர்ந்திருக்க ஏற்ற இடம் அதுவே.

மாகாணத்தின் மணிக்கூடு வேறு. சிற்றூர்களில் நண்பகலில் கடைகள் பல மூடப்படும். உணவகங்கள் மதிய உணவைப் பெரும்பாலும் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையிலேயே பரிமாறும். மூன்று மணிக்குப் பசித்து வருவோர் இரவுவரை காத்திருக்க நேரும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் அடைத்த கதவுகளே மிகுதி. இவற்றைத் திட்டத்தில் குறிக்காதவர் ஊரைக் குறைகூறித் திரும்புவர். உண்மையில் அவ்வூரார் தமது ஓய்வு நேரத்தைக் காத்துக்கொள்கின்றனர், அவ்வளவே.

அவ்வோய்வுக்கு ஒரு வரலாறு உண்டு. 1936ஆம் ஆண்டில் மக்கள் முன்னணி அரசு பதவியேற்ற காலத்தில், பிரெஞ்சுத் தொழிலாளர் ஆலைகளுள் அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டு யூன் மாதச் சட்டம் அவர்களுக்கு இரண்டு வாரச் சம்பளத்துடனான விடுமுறையை வழங்கியது. லெயோ லக்ராஞ்சின் முயற்சியால் தொழிலாளர் குடும்பங்களுக்கு 40 சதவீதக் கழிவுடன் புகையிரதச் சீட்டுகளும் கிடைத்தன. அதுவரை செல்வர்க்கே உரியதாயிருந்த கடற்கரையைப் பலர் முதன்முதலாகக் கண்டனர். 1982இல் அவ்விடுமுறை ஐந்து வாரமாக உயர்ந்தது.

எனினும் அச்சட்டம் ஊதியம் பெறுவோரின் உழைப்பையே அளந்தது; அடுப்படியின் உழைப்பு அதன் கணக்கில் வரவில்லை. இக்குடும்பத்தின் திட்டத்திலும் அதே பிழை புகுந்துவிடக்கூடும். செலவைக் குறைக்க நாட்டுப்புற வீடொன்றை வாடகைக்கு எடுக்கலாம் என்பது தந்தையின் யோசனை. கணக்கின்படி அது சரியானதே. ஆனால் அவ்வீட்டில் அடுப்பும் இருக்கும். அதன் முன்னே நிற்பவர் எவர் என்பது கேட்கப்படுவதில்லை. காலையுணவு, வழிக்கான பொதி, இரவுச் சமையல், துவைத்தல் அனைத்தும் தாயின் தலையில் விழுமாயின், நால்வர் பயணம் செல்கின்றனர், ஒருவர் வேலைக்குச் செல்கின்றார் என்பதே பொருள். ஒரு மாளிகையின் நுழைவுச் சீட்டைக் குறைத்து, அப்பணத்தில் நாள்தோறும் ஒருவேளை உணவகத்தில் உண்பதும், எஞ்சிய வேளைகளின் சமையலை முறைவைத்துப் பகிர்வதும் திட்டத்தின் பகுதிகளாக வேண்டும்.

ஆறாம் நாளை வெறுமையாக விடுதல் நலம். அன்று வானிலை கெடலாம்; பாட்டியின் கால் வீங்கலாம்; இளைய பிள்ளை அம்புவாசுக்கே மீண்டும் போக வேண்டுமென அடம்பிடிக்கலாம். ஒன்றும் நேராவிடின் ஆற்றங்கரை இருக்கின்றது. முதலாம் பிரான்சுவா மன்னன் 1515 முதல் 1547 வரை ஆண்டவன். சம்போரை எழுப்பியவன் அவனே. ஆயினும் அங்கு அவன் தங்கிய காலத்தைச் சில வாரங்களில் எண்ணிவிடலாம். மாளிகைக்கு உரியவனே முற்றாக அனுபவியாத ஒன்றை ஆறு நாட்களில் முற்றாகக் கண்டுவிட வேண்டுமென்ற அவசரம் எவருக்கும் தேவையில்லை. எத்தனை இடங்கள் கண்டோம் என்பதை விடுத்து, வீடு திரும்பும்போது ஐவருள் எத்தனை பேர் இளைப்பாறியிருக்கின்றனர் என்பதைக் கொண்டே அத்திட்டத்தை மதிப்பிடல் தகும்.